உங்களுக்குத் தெரியுமா? அந்த முகவரியில் யார் இருக்கிறார்கள்?

★ ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை மென்பொருளாகவே ஓட்டிக்காட்டுவது எமுலேட்டர். அதில் மெமரி என்றால் பைட்டுகளை வரிசையாக அடுக்கிவைத்த இடம், அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால், ப்ராசசர் ஒரு முகவரியைக் கேட்கும்போது பதில் சொல்வது ராமாக இருக்கலாம், ரோமாக இருக்கலாம், வீடியோ சிப்பாகவோ கீபோர்டாகவோ இருக்கலாம். யாருமே இல்லாமலும் போகலாம். எந்த முகவரிக்கு யார் பொறுப்பு என்ற வரைபடத்தைக் காத்து நிற்கும் பகுதிதான் எமுலேட்டரின் உயிர்நாடி. எமுலேட்டர் பெரிதாக வளர்ந்த பிறகு அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுவது மிகக் கடினமான வேலை. அதைச் செய்தவர்களைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. இந்த வாரம் அவர்களுடைய வேலையைப் பற்றித்தான்.

★ 1980-ல் வந்த பேக்-மேன் ஆர்கேட் இயந்திரத்தில் இருந்தது இசட்80 ப்ராசசர். அதற்கு 16 முகவரிக் கம்பிகள். பேக்-மேன் போர்டில் கடைசிக் கம்பியை எதனோடும் இணைக்கவில்லை. அதனால் முதல் 32 கேபி-யில் இருப்பதெல்லாம் அடுத்த 32 கேபி-யிலும் அப்படியே தெரியும். இன்னொன்று: அந்த போர்டில் ஒரு முகவரியைப் படித்தால் ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியும். அதே முகவரியில் எழுதினால் இன்டரப்ட் திறக்கும் அல்லது மூடும். படிக்கும்போது ஒருவர், எழுதும்போது வேறொருவர்!

★ நின்டெண்டோவின் என்இஎஸ் கேம் பெட்டிக்குள் ப்ராசசருக்கு என்று இருந்த ராம் 2 கேபி மட்டுமே. அது முதல் 8 கேபி முகவரிக்குள் நான்கு முறை தெரியும்.

★ ரோமில் எழுத முடியாது என்பது பாடப்புத்தகம். கேம் பாய் கேம்கள் ரோமில் எழுதிக்கொண்டேதான் இருக்கும். ரோமுக்கு அந்த இயந்திரம் ஒதுக்கியது 32 கேபி இடம். எம்பிசி1 என்ற சிப் உள்ள கார்ட்ரிட்ஜில் 2 எம்பி வரை கேம் இருக்கலாம். ரோம் முகவரியில் ஏதாவது எழுதினால், ‘அடுத்த பகுதியைக் கொண்டுவா’ என்ற உத்தரவாக அதை அந்தச் சிப் எடுத்துக்கொள்ளும்.

★ அட்டாரி 2600-ல் எழுதக்கூட வேண்டாம், படித்தாலே போதும். கார்ட்ரிட்ஜுக்கு அதில் 4 கேபி இடம். 8 கேபி கேம்களில் குறிப்பிட்ட இரண்டு முகவரிகளில் ஒன்றைத் தொட்டால் முதல் பாதி வரும், மற்றதைத் தொட்டால் இரண்டாம் பாதி. எமுலேட்டர் எழுதுபவருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிழை தேடுவதற்காக டீபக்கரில் மெமரியைத் திறந்து பார்த்தாலே இயந்திரத்தின் நிலை மாறிவிடும். அதனால் ‘மேம்’ எமுலேட்டரில், ‘இது டீபக்கர் பார்க்கிற பார்வை, எதையும் மாற்றாதே’ என்று சாதனங்களுக்குச் சொல்லத் தனி ஏற்பாடே உண்டு.

★ க்யூஎம்யூ என்ற எமுலேட்டரை 2003-ல் தொடங்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஃபேப்ரிஸ் பெல்லார்ட். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் திறக்கும் போன் எமுலேட்டர் இதன் மேல் கட்டப்பட்டதுதான். லினக்ஸின் கேவிஎம் வசதியோடு சேர்ந்து, உலகம் முழுக்க எண்ணற்ற மெய்நிகர் சர்வர்களை ஓட்டுவதும் இதுவே.

★ 2011 வரை க்யூஎம்யூ-வில் மெமரி வரைபடம் எளிமையானது. ‘இந்த முகவரியிலிருந்து இத்தனை பைட் என்னுடையது’ என்று ஒரு சாதனம் வந்து பதிவு செய்யும். அங்கே முன்பு யார் பெயர் இருந்ததோ அது அழிந்து இதன் பெயர் ஏறும். கடைசியாக வந்தவருக்கே இடம். அந்தச் சாதனம் நாளை அங்கிருந்து நகர்ந்தால்? அடியில் முன்பு யார் இருந்தார் என்பது வரைபடத்துக்கு நினைவில் இல்லை. பழைய ஆளைத் தேடிப்பிடித்து மறுபடி பதிவு செய்யவைப்பது, நகர்ந்த சாதனத்தின் நிரலை எழுதியவர் தலையில் விழும்.

★ சாதனங்கள் நகருமா என்று கேட்கலாம். நகரும். பிசிஐ கார்டுகள் எந்த முகவரியில் உட்கார வேண்டும் என்பதைப் பயாஸோ ஓஎஸோதான் முடிவு செய்கிறது. அதற்கு முன், கார்டுக்கு எவ்வளவு இடம் தேவை என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான வழி விசித்திரமானது. கார்டின் முகவரிப் பதிவேட்டில் எல்லா பிட்டும் 1 என்று எழுதி, திரும்பப் படித்து, எந்த பிட்டுகள் 0 ஆகவே நின்றன என்று பார்ப்பார்கள். அந்தக் கண நேரத்துக்கு, பதிவேட்டில் இருப்பது 4 ஜிபி எல்லையை ஒட்டிய முகவரி. பிசியில் பயாஸ் ரோம் இருக்கும் இடமும் அந்த எல்லைக்குக் கீழேதான். எமுலேட்டர் அதை நிஜ முகவரி என்று நம்பினால், கார்டு பயாஸின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பழைய வரைபடம் மாதிரி அடியில் இருப்பதை மறக்கும் ஒன்றில் இப்படி நடந்தால், கார்டு இறங்கிப் போன பிறகும் பயாஸ் திரும்பி வராது.

★ 2011 ஜூலையில் க்யூஎம்யூ-வில் ஒரு புதிய ஏற்பாடு சேர்ந்தது. எழுதியவர் ஏவி கிவிட்டி. கேவிஎம்-ஐ உருவாக்கியவரும் அவரே. ஒரு மெமரிப் பகுதி ‘என்ன’ என்பதையும் அது ‘எங்கே’ இருக்கிறது என்பதையும் அவர் பிரித்தார். பகுதியை முதலில் உருவாக்க வேண்டும்: இவ்வளவு நீளம், படித்தால் இந்தச் செயல், எழுதினால் அந்தச் செயல். பிறகு அதை இன்னொரு பகுதிக்குள் வைக்க வேண்டும், அதை வேறொன்றுக்குள். இப்படி ஒரு மரம் உருவாகும். பாயின் மேல் பாய் விரிப்பதுபோல ஒன்றின் மேல் ஒன்று கிடக்கலாம். மேலே கிடப்பதைச் சுருட்டினால் அடியில் இருப்பது தானாகத் தெரியும். யாரும் யாரையும் தேட வேண்டாம். கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒரு நல்ல மறுசீரமைப்புக்கு அடையாளம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்: புதிய விதி ஒன்று வந்து, நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்த சரிக்கட்டல்களைத் தேவையில்லாமல் ஆக்கியது.

★ ஒரே இடத்தில் பலர் இருந்தால் யார் மேலே என்பதை முன்னுரிமை எண் தீர்மானிக்கும். அது பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். யாரும் இன்னும் எழுதிமுடிக்காத ஒரு சாதனத்துக்குப் பதில் க்யூஎம்யூ-வில் ஒரு வெற்றுச் சாதனத்தை வைக்கலாம். அதற்கு முன்னுரிமை -1000! வேறு யார் வந்தாலும் அது வழிவிடும். யாரும் வராத இடத்தில் யாராவது தொட்டால், ‘இங்கே தொட்டார்கள்’ என்று மட்டும் குறித்துவைக்கும். புதிய போர்டு ஒன்றுக்கு எமுலேட்டர் எழுதுகிறவருக்கு அந்தக் குறிப்பைவிடப் பெரிய உதவி கிடையாது. அடுத்து எந்தச் சாதனத்தை எழுத வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

★ பிசியில் 640 கேபி-க்கு மேலே உள்ள 128 கேபி முகவரிகளில் இருப்பது விஜிஏ திரை மெமரி. அதே முகவரிகளின் பின்னால் ராமும் உண்டு. ப்ராசசர் தன் ‘மேலாண்மை நிலை’க்குப் போகும்போது மட்டும் அந்த ராம் தெரியும், திரும்பி வந்ததும் திரை மெமரி தெரியும். ஒரே முகவரி, ஒரே ப்ராசசர், நேரத்தைப் பொறுத்து வேறு வேறு ஆள். அடுக்கடுக்கான மரம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இந்த 128 கேபி-யே போதும்.

★ 4 ஜிபி ராம் உள்ள பிசியில் அந்த ராம் முழுக்க ஒரே தொடர்ச்சியாகத் தெரிவதில்லை. 4 ஜிபி எல்லைக்குக் கீழே சாதனங்களுக்கு இடம் வேண்டும். க்யூஎம்யூ-வின் ஆவணத்தில் காட்டியிருக்கும் உதாரணத்தில் முதல் 3.5 ஜிபி கீழே இருக்கிறது, மீதி 512 எம்பி எல்லைக்கு மேலே. ராமை இரண்டாக உடைக்காமல், ஒரே ராமைப் பார்க்கும் இரண்டு சன்னல்களாக இதை எழுதலாம். ‘அலயஸ்’ என்று அவற்றுக்குப் பெயர்.

★ மரம் மனிதர்களுக்கு வசதி, வேகத்துக்கு எதிரி. ஒவ்வொரு முறையும் கிளை கிளையாக இறங்கித் தேட நேரமில்லை. ஆகவே மரம் மாறும்போதெல்லாம் க்யூஎம்யூ அதைத் தட்டையான ஒரு பட்டியலாக மாற்றி வைத்துக்கொள்கிறது. பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, ‘இது போனது, இது வந்தது’ என்று வித்தியாசத்தை மட்டும் கேவிஎம் போன்றவற்றுக்குச் சொல்கிறது. பத்து மாற்றங்கள் ஒன்றாக வந்தால் கடைசியில் ஒருமுறை மட்டும் பட்டியல் போடவும் வழி உண்டு.

★ 2011-ல் இத்தனையும் ஒரே நாளில் மாறவில்லை. பழைய முறையில் ஒவ்வொரு சாதனமும் 1 பைட், 2 பைட், 4 பைட் என்று மூன்று அளவுக்கும் தனித்தனிச் செயல்களைத் தர வேண்டும். புதிய முறையில் ஒரே செயல் போதும், அளவு கூடவே வரும். பழைய மூன்றையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஒரு பின்வாசலைப் புதிய ஏற்பாட்டில் விட்டுவைத்தார்கள். சாதனம் சாதனமாக, கோப்பு கோப்பாகப் பலர் மாற்றிக்கொண்டே வந்தார்கள். அந்தப் பின்வாசலை மூடியது 2018-ல். ஏழு ஆண்டுகள்! நடுவில் எந்த வெளியீடும் நிற்கவில்லை. புதிய அம்சம் சேர்த்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். பழைய நிரலை ஓசையில்லாமல் அகற்றியவருக்கும் அதே கைதட்டல் உரியது என்று உறுதியாக நம்புகிறேன்.

★ க்யூஎம்யூ ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த மரத்தைக் கண்ணால் பார்க்கலாம். அதன் மானிட்டரில் ‘இன்ஃபோ எம்ட்ரீ’ என்ற கட்டளையைக் கொடுத்தால், எந்த முகவரியில் யார், என்ன முன்னுரிமை என்று வரிவரியாக வரும்.

★ மெமரியில் எங்கே எழுதினார்கள் என்பதை மூன்று பேர் அறிந்தாக வேண்டும். திரையை வரைபவர் முதல் ஆள். மாறிய பகுதியை மட்டும் வரைந்தால் போதும். இரண்டாவது, ஓடும் நிரலை நிஜ ப்ராசசரின் மொழிக்கு மாற்றி வைத்திருப்பவர். மூல நிரல் மாறினால் தன் பிரதியைத் தூக்கிப்போட வேண்டும். மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் இன்னொரு சர்வருக்கு மாற்றுபவர்; அனுப்பிய பிறகு மாறிய பக்கங்களை மறுபடி அனுப்ப வேண்டும். முன்பு க்யூஎம்யூ-வில் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் ஒரு பைட் வைத்து மூவருக்கும் அதில் குறித்தார்கள். பிறகு ஆளுக்கொரு பிட் வரிசை என்று பிரித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 டிபி ராம் என்றால் பழைய முறையில் குறிப்பேடு மட்டும் 256 எம்பி. புதிய முறையில் ஆளுக்கு 32 எம்பி. ‘மாறிய பக்கங்கள் எவை’ என்று தேடும்போது 64 பக்கங்களின் நிலையை ஒரே எண்ணாகப் படித்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

★ ஒவ்வொரு மெமரித் தொடுதலுக்கும் வரைபடத்தைத் திறந்தால் எமுலேட்டர் நகரவே நகராது. அதனால் அண்மையில் தொட்ட பக்கங்களைச் சிறிய அட்டவணையில் வைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 4,096 பைட் பக்கத்தின் தொடக்க முகவரியில் கடைசி 12 பிட்டுகள் எப்போதும் பூஜ்யம். சும்மா கிடக்கும் அந்த பிட்டுகளில் ‘இது ராம் இல்லை, சாதனம்’ என்பதுபோன்ற குறிகளைப் போட்டுவைக்கிறார்கள். ஒரே ஒப்பீட்டில் ‘பக்கம் சரியா, நேராகப் போகலாமா’ இரண்டுக்கும் விடை வந்துவிடும். குறி ஏதாவது இருந்தால் ஒப்பீடு பொருந்தாது, வேலை நிதானமான வழிக்குப் போய்விடும். நெடுங்காலம் இந்த அட்டவணையின் நீளம் மாறாமல் இருந்தது. 2019-ல் வந்த க்யூஎம்யூ 4.0 வெளியீட்டிலிருந்து தேவைக்கேற்பத் தானே வளரும், சுருங்கும்.

★ 2017 ஏப்ரலில் க்யூஎம்யூ 2.9 வரும் வரை, கேவிஎம் இல்லாமல் நான்கு ப்ராசசர்களை எமுலேட் செய்தாலும் அவை நிஜ கம்ப்யூட்டரின் ஒரே ஒரு கோரில் மாறி மாறித்தான் ஓடும். பல கோர்களில் ஒரே சமயத்தில் ஓட வேண்டுமானால், ஒருவர் வரைபடத்தைப் படிக்கும்போது இன்னொருவர் அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு முதலில் விடை வேண்டும். லினக்ஸ் கெர்னலிலிருந்து ஆர்சியூ என்ற முறையை எடுத்துக்கொண்டார்கள். புதிய வரைபடத்தைப் பக்கத்தில் தயார் செய்து சட்டென்று மாற்றிவைப்பது. பழையதைப் படித்துக்கொண்டிருக்கும் கடைசி ஆள் வெளியேறிய பின்பே அதை அழிப்பது. படிப்பவர் பூட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

★ கோர்கள் பலவானால் இன்னொரு சிக்கலும் வரும். ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்கு அது தெரியும் என்பதில் இன்டெல் வகைச் சிப்புகள் கண்டிப்பானவை. ஆர்ம் சிப்புகள் நெகிழ்வானவை. ஆர்ம் மேல் இன்டெல்லை ஓட்டுவது அதனால்தான் கடினம். 2020-ல் ஆப்பிள் தன் எம்1 சிப்பிலேயே இன்டெல் வரிசையைப் பின்பற்றும் ஒரு நிலையை வைத்து இதைத் தீர்த்தது.

★ ஓடும் இயந்திரத்திலிருந்து ஒரு கார்டைப் பிடுங்கினால் அதன் மெமரிப் பகுதி என்ன ஆகும்? யாராவது அந்த நொடியில் அதைப் படித்துக்கொண்டிருந்தால், இல்லாத ஒன்றைத் தொட்டு எமுலேட்டரே விழுந்துவிடும். அதனால் க்யூஎம்யூ-வில் ஒவ்வொரு பகுதிக்கும் ‘உரிமையாளர்’ உண்டு. பகுதியைப் பயன்படுத்துகிறவர் உரிமையாளரைப் பிடித்துவைத்துக்கொள்வார். எல்லாரும் விட்ட பிறகே உரிமையாளர் மறைய முடியும்.

★ கேம்கியூப், வீ கேம்களை ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டர் வேறொரு வழியில் போனது. கேம்கியூபின் 24 எம்பி ராமை, கேம் எதிர்பார்க்கும் அதே இடைவெளிகளோடு நிஜ கம்ப்யூட்டரின் பெரிய முகவரிவெளியில் பதித்துவிடும். பிறகு சோதனையே இல்லாமல் நேராகத் தொடும். தொட்டது ராம் இல்லை, சாதனம் என்றால்? ஓஎஸ் ‘தவறான முகவரி’ என்று தடுக்கும். சாதாரணமாக அந்த இடத்தில் மென்பொருள் நின்றுபோகும். டால்ஃபின் அந்தத் தடையைப் பிடித்து, எந்தக் கட்டளை விழுந்தது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் நிதானமான வழிக்கு மாற்றி எழுதிவிட்டுத் தொடரும். இதற்கு 4 ஜிபி-க்குக் குறையாத முகவரிவெளி கையில் இருக்க வேண்டும். 32 பிட் ப்ரொகிராமுக்கு அது கிடைக்காது. 2014-ல் 32 பிட் பிசிகளை டால்ஃபின் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் பிறகு மெமரிப் பகுதியில் இரட்டை நிரல்கள் குறைந்து தெளிவு வந்தது. ஒரு வசதியை நிறுத்துவது சிலருக்கு இழப்புதான்; ஆனாலும் அதைச் சொல்லிவிட்டுச் செய்தது நேர்மையான முடிவு.

★ மேம் எமுலேட்டரின் முதல் வெளியீடு 1997 பிப்ரவரி 5. தொடங்கியவர் இத்தாலியின் நிகோலா சால்மோரியா. இருபது ஆண்டுகள் கழித்து அதன் மெமரிப் பகுதியை மாற்றும்போது, ஆயிரக்கணக்கான இயந்திரங்களின் வரைபடங்கள் அதை நம்பியிருந்தன. 8 பிட்டிலிருந்து 64 பிட் வரை டேட்டா பஸ்கள்; பைட்டுக்குப் பதில் ஒவ்வொரு பிட்டுக்கும் தனி முகவரி தரும் டிஎம்எஸ்34010 மாதிரிச் சிப்புகளும் அதில் உண்டு. ஒலிவியே கலிபெர் என்ற நிரலாளர் 2018-ல் அதன் மையத்தைப் புதிதாக எழுதினார். வரைபடம் எழுதும் முறையையும் அதே ஆண்டில் பழைய மேக்ரோக்களிலிருந்து சாதாரண சி++ செயல்களுக்கு மாற்றினார்கள். 2020-ல் ‘வியூ’ வந்தது: வரைபடத்தின் ஒரு துண்டைப் பல வடிவங்களுக்கிடையே மாற்றலாம், முழுக்க அணைத்தால் அடியில் இருந்தது தெரியும். க்யூஎம்யூ 2011-ல் சந்தித்த அதே கேள்விக்குத்தான் இவர்களும் தங்கள் வழியில் விடை கண்டிருக்கிறார்கள்.

★ மெமரியின் முகவரிக் கம்பியைக் கீபோர்டு சிப் கட்டுப்படுத்திய காலம் உண்டு. 8086 ப்ராசசருக்கு 20 கம்பிகள், 1 எம்பி. அதைத் தாண்டிய முகவரி பூஜ்யத்துக்கே திரும்பிவிடும். சில ப்ரொகிராம்கள் அதை நம்பி எழுதப்பட்டிருந்தன. 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி-யில் கம்பிகள் 24. பழைய ப்ரொகிராம்கள் ஓட வேண்டுமே என்று, 21-வது கம்பியை அணைக்கும் பொறுப்பைக் கீபோர்டு கன்ட்ரோலரில் மிச்சமிருந்த ஒரு பின்னுக்குக் கொடுத்தார்கள். பிசி எமுலேட்டர் எழுதுகிறவர் இதையும் எழுதியாக வேண்டும்.

★ எமுலேட்டர் தனக்காக எடுத்துக்கொள்ளும் மெமரி தனிக்கதை. 2011 ஆகஸ்டில் க்யூஎம்யூ தன் சொந்த ஒதுக்கீட்டுச் செயல்களைக் கைவிட்டு, ஜிலிப் நூலகத்தின் செயல்களுக்கு மொத்தமாக மாறியது. இன்றைய விதி: ‘இந்த வகையில் இத்தனை வேண்டும்’ என்று கேள், அளவை நீயே பெருக்கிக் கேட்காதே. பெருக்கல் நிரம்பி வழிந்தால் கேட்டதைவிடச் சின்ன இடம் கிடைக்கும்; அதில் எழுதினால் பக்கத்து இடம் நாசமாகும்.

★ 2015 மே மாதம் வெளியான ‘வெனம்’ பிழை இருந்தது க்யூஎம்யூ-வின் ஃப்ளாப்பி கன்ட்ரோலரில். 512 பைட் இடத்தில் அதற்கு மேலும் எழுத முடிந்தது. 2004-லிருந்து அது அங்கேயே கிடந்தது. ஃப்ளாப்பியே இல்லாத சர்வர்களும் அதனால் ஆபத்தில் இருந்தன.

★ சாதனங்கள் ப்ராசசரைக் கேட்காமல் தாங்களே மெமரியில் எழுதும். ஒரு சாதனத்திடம், ‘இந்த முகவரியில் எழுது’ என்று அதனுடைய சொந்த முகவரியையே கொடுத்தால்? அது தன் வேலையின் நடுவிலேயே தன்னைத்தானே மறுபடி எழுப்பும். பாதி மாறிய நிலையில் மறுபடி உள்ளே நுழைவதால் வந்த பாதுகாப்பு ஓட்டைகள் பல. ஒவ்வொரு சாதனத்திலும் தனித்தனியாக ஒட்டுப்போட்டு வந்தவர்கள், 2023-ல் க்யூஎம்யூ-வின் மெமரிப் பகுதியின் மையத்திலேயே காவல் வைத்தார்கள்: ஒரு சாதனம் வேலையில் இருக்கும்போது அதே சாதனத்துக்குள் மறுபடி நுழைய முயன்றால் தடுத்துவிடும்.

★ 2024 டிசம்பரில் வந்த க்யூஎம்யூ 9.2-ல் ரஸ்ட் மொழியில் எழுதிய முதல் சாதனம் சோதனை முயற்சியாக இடம்பெற்றது. ஆர்ம் போர்டுகளில் இருக்கும் பிஎல்011 என்ற சீரியல் போர்ட் அது. அதன் பழைய சி வடிவமும் அதே வெளியீட்டில் பக்கத்தில் இருக்கிறது.